கதவுகளுக்கு அடியில் உப்புத்தண்ணீர்

படிக்கட்டில் வழிந்துவந்த தண்ணீரில் கோஸ் இலை ஒன்று மிதந்து வருவதைப் பார்த்ததுமே யொன்சுக் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மேலே மொட்டைமாடியில் அவளுடைய கேபினட் கதவுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதே மாடியில்தான் வீட்டுக்காரம்மா குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்.

அத்தனையும் எம்.டி.எஃப். கதவுகள், மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்தவை. அந்தப் பலகையின் முகம் வழவழவென்று சாதுவாக இருக்கும். வெட்டிய விளிம்போ டீயில் தோய்த்த ரொட்டி மாதிரி, ஈரம் பட்டால் உப்பிவிடும். அப்புறம் எந்த பெயிண்டும் அதைக் காப்பாற்றாது. வேலையை விட்டுவிட்டு அவளும் கணவன் கிதேயும் சொந்தமாகத் தொழில் தொடங்கி எடுத்த முதல் சமையலறை வேலை இது. வேலையைக் கொடுத்த சோங் டீச்சர் அடுத்த வாரம் அந்த வீட்டுக்குக் குடிபோகிறார், கெட்ட ஆவிகள் ஊர் சுற்றாத நாளாகப் பார்த்துக் குறித்தாகிவிட்டது. நாளை மாற்றச் சொல்லி யாராவது வாயைத் திறக்க முடியுமா?

விளிம்புக்கு ஈரம் புகாமல் தடுக்கும் சீலர் பூசும் வேலையை கிதேயிடம் விட்டுவிட்டுத்தான் அவள் ப்ரைமர் வாங்கப் போயிருந்தாள். கிளம்புமுன் ஒரு கதவில் தானே ஒரு கை பூசிக் காட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இன்னும் இரண்டு கை பூச வேண்டும், எல்லாக் கதவுக்கும் இப்படித்தான் என்று சொல்லியிருந்தாள். கிதேயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? எதிலும் பாதியிலேயே 'போதும்' என்கிற ஆசாமி. மதியம் போன் செய்தபோது "ஆச்சு, ஆச்சு" என்றான். பின்னால் டி.வி.யில் பேஸ்பால் ஆட்டச் சத்தம் கேட்டது.

மாடியில் பெரிய ரப்பர் தொட்டி சாய்ந்து கிடந்தது. சுவரில் சாய்த்து வைத்த கதவுகளின் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர். வீட்டுக்காரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல், கை வழுக்கிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார். யொன்சுக்குக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. இருந்த கோபமெல்லாம் கதவுகளைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்த கிதே மேல்தான்.

"ஆச்சுன்னீங்களே. என்ன ஆச்சுன்னு இப்பப் பாப்போம்."

முதல் கதவைத் துடைத்துவிட்டு விளிம்பில் நகத்தை ஓட்டினாள். கல் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. கீல் பதிக்கும் குழிக்குள்கூட சீலர் போயிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவள் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. கண் கலங்கியது, அவள் மறைக்கவில்லை.

"எத்தன கை பூசுனீங்க?"

"மூணு. நீ வந்து நகத்தால கீறிப் பாப்பேன்னு தெரியாதா எனக்கு?"

கடைசியில் ஒரே ஒரு கதவு பாக்கி, சிங்க்குக்கு அடியில் வரும் சின்னக் கதவு. நகம் பட்டதும் விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. யொன்சுக் நிமிர்ந்தாள். அவ்வளவுதானே, இவ்வளவு நேரம் தேடியது கிடைத்துவிட்டது.

"இது?"

கிதே தலையைச் சொறிந்தான். "அது நீ பூசுனது. நீ செஞ்ச வேலைமேல நான் கை வைப்பேனா?"

வீட்டுக்காரம்மாதான் முதலில் சிரித்தார். யொன்சுக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அதைவிடப் பெரிதாக இருந்தது நிம்மதி. போனது ஒரு சின்னக் கதவு. துண்டுப் பலகை கீழே கிடக்கிறது. இந்த மனிதனை நம்பித் தொழில் தொடங்கியது தப்பில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது.

சாயங்காலத்துக்குள் கிதே புதுக் கதவை வெட்டிக் கொண்டுவந்து, சீலர் டின்னை அவள் பக்கம் தள்ளினான். அவள் பூசினாள், காயவைத்தாள், தேய்த்தாள், மறுபடி பூசினாள். மூன்றாவது கையும் காய்ந்த பிறகு அவன் வந்து குனிந்து, விளிம்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக நகத்தை ஓட்டிப் பார்த்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும்" என்றான்.