ஈயம் எடுத்த பாஞ்சோ

ஐவா எந்த பாஞ்சோவைத் தூக்கினாலும் ஹோபார்ட் உதட்டைப் பிதுக்கினான்.

“கீழ வை. அது தகர டப்பா. பாஞ்சோன்னா தூக்கும்போதே தோள் எறங்கணும்.”

படம் ஓட்டுவது நின்றுபோன திறந்தவெளி சினிமா மைதானத்தில் சனிக்கிழமைச் சந்தை. டிரக்குகளின் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு, துப்பாக்கி, கோழி, சங்கிலி ரம்பம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் விற்றார்கள். மேற்கு வெர்ஜீனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் பாஞ்சோ என்ற தோல் போர்த்திய கம்பி வாத்தியத்தை வாங்குகிறவன் யாரும் முதலில் வாசித்துப் பார்ப்பதில்லை. ஒரு கையால் தூக்கி எடை பார்ப்பான். கனத்தால் நம்ம ஊர் சரக்கு, இல்லாவிட்டால் கப்பலில் வந்த ஜப்பான் சரக்கு. அவ்வளவுதான் கணக்கு.

ஐவாவுக்கு வேண்டியது லேசானதுதான். அதை ஹோபார்ட்டிடம் சொல்ல வாய் வரவில்லை. சுரங்கத்தில் கூரைக்கல் விழுந்து அவள் கணவன் டெல்மரின் முதுகும் இடது தோளும் போனதிலிருந்து அவன் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். எழுந்து உட்காராவிட்டால் இடுப்புக்குக் கீழே மரத்தே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் அவனுடைய பழைய பாஞ்சோவை மடியில் வைத்துப் பார்த்தாள். வார் தோளில் பட்டதும் பல்லைக் கடித்தான். “எடுத்துட்டுப் போ” என்றான். அதன்பிறகு சூப்புக்குக்கூட எழவில்லை. ஹோபார்ட் நல்லவன்தான், டெல்மரோடு ஒரே ஷிப்டில் நிலக்கரி வெட்டியவன். ஆனால் ஷிப்ட் முடிந்து எல்லாரும் கூடும் சுரங்கத்துக் குளியலறையில் அவன் வாய் நிற்காது. டெல்மரால் ஒரு பாஞ்சோவைத் தூக்க முடியவில்லை என்ற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்தால் டெல்மர் செத்தே போவான்.

“ஐவா, இங்க வா! இதத் தூக்கிப் பாரு.”

பச்சை டிரக்கின் முன்னால் ஹோபார்ட் முகம் மலர்ந்து நின்றான். தூக்கினாள். கல் மாதிரி கனத்தது.

“கென்டக்கியில ஒரு பாதிரியார் வீட்டுச் சாமான்” என்றான் டிரக்குக்காரன்.

“எந்தப் பாதிரியாரும் பொய் சொல்றதில்லயாக்கும்” என்று ஹோபார்ட் பாஞ்சோவைத் திருப்பினான். கழுத்தோரம் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தான். “நேரா இருக்கு. மெட்டெல்லாம் ஒழுங்கா உக்காந்திருக்கு.” பின்மூடியின் திருகுகளைக் கழற்றினான். உள்ளே பார்த்தவன் முகம் கறுத்தது.

நல்ல பாஞ்சோவுக்குக் கனம் தரும் மர வளையத்தையும் அதன் மேல் பித்தளை வளையத்தையும் தேடியவனுக்கு, ஒரே வார்ப்பில் ஊற்றிய அலுமினியச் சட்டிதான் தெரிந்தது. அதன் ஓரம் முழுக்க, தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளைக் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்தார்கள். கழுத்தின் அடியில் ‘ஜப்பான்’ சீட்டைச் சுரண்டிய வெள்ளைத் தடம்.

“யோவ், மீன் பிடிக்கவா விக்கிற இத?”

“நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.”

“உன் பாதிரியார் மீனவரா? வா ஐவா, போலாம்.”

ஐவா நகரவில்லை. “ஈயத்த எடு, ஹோபார்ட்.”

“என்ன?”

“எடுத்துட்டுத் தூக்கிப் பாப்போம்.”

டேப்பைக் கிழித்து எடுத்ததும் அவள் வாங்கிப் பார்த்தாள். ஒரு விரலில் தொங்கவிடலாம் போலிருந்தது. கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

“டெல்மரால அவனோடதத் தூக்க முடியல. தோள்ல வார் பட்டாலே துடிக்கிறான். யார்கிட்டயும் சொல்லிடாத.”

ஹோபார்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு பாஞ்சோவை வாங்கி, கம்பிகளைத் தாங்கும் குதிரைக் கட்டையை நகர்த்தி வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டி, முறுக்காணிகளைத் திருகி, நழுவுகிறதா என்று காத்திருந்தான். முன்பு அவன் இவ்வளவு பொறுமையாக எதையும் பார்த்ததில்லை.

“ஜப்பான்காரன் கழுத்த நல்லாத்தான் செஞ்சிருக்கான்” என்றான். “சத்தம் தகரம்தான். ஆனா சுதி நிக்குது.” டிரக்குக்காரன் பக்கம் திரும்பினான். “யோவ், தகர விலை சொல்லு.”

அன்று மாலை அதை டெல்மரின் போர்வைமேல் வைத்தாள். அவன் ஒரு கையால் தூக்கினான்.

“ஜப்பான்” என்றான். “என்னோடத வித்துட்டியா?”

“கட்டிலுக்கு அடியில இருக்கு.”

“அப்ப இது எதுக்கு?”

வழி நெடுக யோசித்துவைத்த பொய்கள் எல்லாம் மறந்துபோயின. “அத உன்னால தூக்க முடியல. இதத் தூக்க முடியுது.”

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சமையலறைக்குப் போய்ப் பீன்ஸை அடுப்பில் வைத்தாள். தப்பு செய்துவிட்டோமோ என்று மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

டொய்ங் என்று ஒரு கம்பி. கெட்ட வார்த்தை ஒன்று. மறுபடியும் கம்பி.

“ஐவா! இந்தக் குதிரைய எந்த மடையன் இங்க நிறுத்துனான்? மேல போகப் போக சுதி ஓடுது!”

“ஹோபார்ட்.”

“அவன் காதுல நிலக்கரி அடைச்சிருக்கு. தோல் வேற தொளதொளன்னு கெடக்கு. ஸ்பானர எடு. படுத்துக்கிட்டே முறுக்க முடியுமா? தலகாணிய முதுகுக்கு வை. இன்னும் மேல, மேல!”

அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினாள். வலியில் முனகினான். ஆனாலும் உட்கார்ந்தான். ஸ்பானரால் ஒவ்வொரு திருகாக முறுக்கினான், தோலைத் தட்டிப் பார்த்தான், மறுபடி முறுக்கினான். வாசிக்கத் தொடங்கியபோது விரல் தடுமாறியது. நிறுத்தித் திட்டினான். முதலிலிருந்து தொடங்கினான்.

“ஏதோ கருகுது” என்றான் வாசித்துக்கொண்டே.

அவன் முதுகைத் தாங்கி நின்ற ஐவா கையை எடுக்கவில்லை.

“கருகட்டும்.”