வாத்தெச்சம் என்னும் நறுந்தேயிலை

கீழைக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்த வெண்முகில்கள் பெங்குவாங் மலையின் தோள்களில் இரவெல்லாம் துயின்று, கதிரவன் தொட்டு எழுப்பியதும் சோம்பல் முறித்தெழும் மகளிரைப் போல மெல்ல மேலெழுந்து விலக, அவற்றின் அடியிலிருந்து முதலில் பாறைகளும், பின்னர்ப் படிப்படியாய் வெட்டிய மலைச்சரிவுகளும், அச்சரிவுகளில் ஆளுயரத்தை விஞ்சி நின்ற தேயிலை மரங்களும், இறுதியில் ஓடு வேய்ந்த சிறு வீடுகளும் ஒவ்வொன்றாய்ப் புலப்பட்ட இளவேனிற் காலை அது. இம்மலையில் தேயிலை புதரன்று, மரம். மரந்தோறும் தனிப்பெயர் உண்டு, தனி மணம் உண்டு, ஏணி சாய்த்து ஏறிப் பறிப்பதற்குத் தனி நாளும் உண்டு. ஒரு மரத்து இலையை மற்றொரு மரத்து இலையோடு கலப்பவன் வீட்டில் இங்கு எவரும் பெண் எடார்.

நடுச்சரிவில் வாழ்ந்த வென் தாவோ, மனைவியை இழந்தவன். ஒரு மகளும் ஒரு மரமுமே உடைமையெனக் கொண்டவன். அவன் தந்தை ஏதோ ஒரு குன்றிலிருந்து கொணர்ந்து வீட்டின் பின்புறத்து மஞ்சள் மண்ணில் நட்ட மரம் அது. அதன் இலையை இளவெயிலில் வாட்டி, மூங்கில் தட்டிலிட்டுக் குலுக்கி ஆறவைத்து, மீண்டும் குலுக்கி, ஓரம் சிவந்து நடுப்பகுதி பசுமை மாறாத பதத்தில் சூடான சட்டியிலிட்டு வதக்கி, முறுக்கி, கரித்தணலில் பொறுமையாய் உலர்த்தி எடுத்தால், பச்சையென்றும் கருமையென்றும் சொல்லவொண்ணாது இடைநிற்கும் அந்த ஊலோங் தேயிலை, வெந்நீர் பட்ட அளவில், எலுமிச்சைப் பூவும் முல்லையும் ஒருங்கே மலர்ந்தாற்போல் கமழும். விழுங்கிய பின்னரும் தொண்டையின் அடியில் இனிப்பு ஊறிக்கொண்டேயிருக்கும்.

இத்தகைய மரத்தை உடையவனுக்கு உறக்கம் ஏது? எவரேனும் கொப்பொன்றை ஒடித்துச் சென்று நட்டுவிடுவரோ என்னும் அச்சம் தாவோவை அரித்தது. ஆதலின், அது என்ன மரமென்று அயலார் வினவிய போதெல்லாம் அவன் மூக்கைச் சுளித்து, மரத்தடி மண்ணைக் காட்டி, "வாத்துப் பீ மண்ணு. இலையும் அப்படித்தான் இருக்கும், அதைப் போய்க் கேக்குறீங்களே" என்று சொல்லிவந்தான். அப்பெயரே மரத்துக்கு நிலைத்தது. ஓடையில் நீர் முகக்கும் பெண்கள் அவன் மகள் சூயேயைக் கண்டால், "வாத்துப் பீ வீட்டு மகாராணி வர்றா, வழி விடுங்கடி" என்று சிரிப்பர். அவளும் உடன் சிரிப்பாள். ஆயினும் வீடு திரும்பும்போது அவள் நடை சற்றே விரையும்.

அன்று அவளைப் பெண் பார்க்க வந்தனர். அண்டை வீட்டுப் பான் என்பவள் பேசி முடித்து, தானும் உடனிருந்த ஏற்பாடு. வந்தவள், சாவோசோ நகரில் தேயிலைக் கடை நடத்தும் குவோ அம்மையார். உடன் வந்தவன், வாய் திறவாமல் தன் காலணியையே நோக்கிக்கொண்டிருந்த அவள் மகன் ஹான். கடைக்காரி என்று கேட்டதுமே தாவோ மகளை ஒருபுறம் அழைத்தான்.

"சூயே, நம்ம மரத்து இலை வேண்டாம். வாங்கி வெச்சிருக்குறதப் போடு" என்றான் மெல்ல.

"சரிப்பா" என்றாள் மகள்.

எனினும் அவள் கை மற்றொரு சாடியையே நாடியது. அவ்வேனிலில் தணலருகே அமர்ந்து கண்ணெரியக் காத்துத் தானே பதப்படுத்திய இலை அது. தன்னைக் காண வருவோர் தன் முகத்தை மட்டும் கண்டு செல்வதை அவள் விரும்பவில்லை. செம்மண் கெண்டியை இலையால் நிறைத்து, முதல் நீரைக் கொட்டிக் கழித்து, மூன்று சிறு கிண்ணங்களின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். மணம் கூரையைத் தொட்டது. தாவோ வெளிறிப் போனான்.

குவோ அம்மையார் அருந்தினாள், கண் மூடினாள், வெறுங் கிண்ணத்தை மூக்கருகே நெடும்பொழுது வைத்திருந்தாள். பின்பு கேட்டாள்: "இது என்ன இலை?"

"அது வந்து... வாத்துப் பீ" என்றான் தாவோ.

அம்மையாரின் புருவம் உயர்ந்தது. "வந்தவங்களுக்குக் குடுக்குறதும் குடுத்துட்டு இப்படிச் சொல்லுவீங்களா? டேய் ஹான், எழுந்திரு."

"கொஞ்சம் இருங்கம்மா" என்றாள் சூயே. அவள் கெண்டியைக் கீழே வைத்தாள். "பேரு எங்கப்பா சொன்ன பொய்யி. யாரும் கொப்ப ஒடிச்சிரக் கூடாதுன்னு சொன்னது. இலை நெசம். அத நான்தான் பக்குவம் பண்ணேன். பொண்ணு வேண்டாம்னா பரவாயில்ல, இலையத் தப்பா நெனச்சுக்கிட்டுப் போகாதீங்க."

தாவோவின் கண்கள் பான் பக்கம் திரும்பின. அவள் காதில் விழுந்தது மலை முழுதும் விழுந்ததாகுமன்றோ?

"என்னை ஏன் அண்ணே இப்படிப் பாக்குறீங்க?" என்றாள் பான். "எங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா? நீங்க தணல் போட்டா எங்க வீட்டுக் கம்பளிகூட மணக்குது. அது வாத்துப் பீ இல்லன்னு இந்த மலையில தெரியாத ஆளே கெடையாது."

"தெரியுமா? அப்ப ஏன் யாரும் ஒரு கொப்புகூட எடுக்கல?"

"ஒருத்தர் ஒண்ண இவ்வளவு ஆசையா ஒளிச்சு வெச்சிருக்கும்போது, கண்டுபிடிச்சிட்டோம்னு சொல்ல மனசு வருமா? சந்தைக்கு நீங்க போற நாள்ல எங்க வீட்டுக்காரர்தான் ஆடு மேயாம அதைப் பாத்துக்குவார்."

தாவோ எழுந்து கொல்லைப்புறம் சென்றான். அவன் முதுகு குலுங்கியதைச் சாளரம் வழியே கண்ட சூயே செல்ல முற்பட, குவோ அம்மையார் அவள் கையைப் பற்றி அமர்த்தினாள். "விடும்மா, அவர் கொஞ்ச நேரம் இருக்கட்டும். எனக்கு இன்னொரு கிண்ணம் ஊத்து."

அப்போது முதன்முறையாக ஹான் வாய் திறந்தான்: "எனக்கும்."

மழைக்காலம் முழுவதும் தாவோ அம்மரத்தின் கொப்புகளை வளைத்து மண்ணணைத்து வேர்விடச் செய்தான். இலையுதிர் காலத்தில் மகளின் மணநாளன்று, விருந்துக்கு வந்தோர்க்கெல்லாம் வீட்டுக்கொரு கன்று ஈந்தான். முதற்கன்று பானின் கையில், கடைசிக் கன்று மகளின் பல்லக்கில். "தண்ணி அதிகம் விட்ராதே" என்பதைத் தவிர வேறெதுவும் அவனால் மகளிடம் கூற இயலவில்லை. அவளும் வேறெதையும் கேட்கவில்லை.

கடையில் அத்தேயிலைக்குப் பூவின் பெயரொன்றைச் சூட்டிப் பார்த்தாள் குவோ அம்மையார். வாங்க வந்தோர் பருகிவிட்டு, "அட, இது அந்த வாத்துப் பீ தானே?" என்றனர். சில திங்களில் அவளும் தோற்றுச் சிரித்துப் பலகையை மாற்றி எழுதினாள்.

தாவோ மறைந்து நெடுங்காலமாயிற்று. அச்சரிவெங்கும் இன்று அவன் மரத்தின் வழித்தோன்றல்கள் நிற்கின்றன. இனியேனும் நல்ல பெயர் வைக்கலாகாதா என்று கேட்போர்க்கு அம்மலையார், "அவர் வெச்சது, இருக்கட்டும்" என்பர். நாற்றம் என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையே குறித்தது என்பதைக் கற்றறிந்த நீவிர் அறிவீர்; அம்மலையாரோ தமிழ் அறியாதவர். எனினும், ஒரு மனிதனின் எளிய அச்சத்தை எள்ளாது, அறிந்ததை அறியாதார்போல் அடக்கி, அவன் மரத்துக்கு அவனறியாமலே வேலியாய் நின்ற அவர்தம் வாயில், வாத்துப் பீ என்னும் நாற்றப் பெயரும் அப்பழம்பொருளையே எய்தி மணக்கின்றது.