நான்கு மீற்றர்க் கோடு

ஸைனம்புவின் குசினிக்குள் இரண்டு மீற்றர்க் கோடு வந்து கிடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நண்பகல் ளுஹர் பாங்குக்குச் சற்று முன். பெருவிரல் தடிப்பம், மண்ணிறம். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவால் போய், கோழிக்கூட்டைச் சுற்றி, மதிலுக்கு அடியால் நுழைந்து ரோட்டில் ஏறியது. விளக்குமாற்றால் கூட்டினாள், போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சோற்றை வடித்தாள்.

அது வந்ததற்குக் காரணமே அவள்தான். முந்திய மாரியில் வாவி பெருகியபோது ஊரே பள்ளிக்கூடத்தில் ஏறியிருந்தது. ஐந்து படி ஏறிப் போகும் கட்டடம், ஆகவே அதுதான் உயரமான இடம் என்பது கடைக்கார மஜீட் ஹாஜியாரின் முடிவு. அவர் சொன்னால் சொன்னதுதான். தண்ணீர் அந்த ஐந்து படியையும் மரியாதை பார்க்காமல் ஏறி வந்தது. நடக்க முடியாத மகள் றுக்ஷானாவை மேசைக்கு மேல் மேசை போட்டு இருத்தி, நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு நாள் பிடித்துக்கொண்டு நின்றாள் ஸைனம்பு. இனியொரு மாரிக்கு இப்படி நிற்பதில்லை என்று அங்கேயே தீர்மானித்தாள். அதனால்தான் வெள்ளப் பயிற்சிக்கு ஊரிலிருந்து ஓர் ஆள் கேட்டபோது முந்திக்கொண்டு போனாள். அங்கே நில அளவையாளர் இஷாம் விரித்த வரைபடத்தில் சுருண்டும் நெளிந்தும் கிடந்த மண்ணிறக் கோடுகளைக் கண்டதும் வயல்காரிக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“இதென்ன மனே, வரம்ப இப்பிடிக் கோணலாக் கட்டினவன் ஆரு?”

“வரம்பில்ல ராத்தா, உசரம். ஒரு கோட்டுல எங்க நிண்டாலும் ஒரே உசரம்தான்.”

மண்டபமே சிரித்தது. ‘வரம்பு ஸைனம்பு’ என்ற பட்டம் அவளுக்கு முன்பே பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தது. வரைபடத்தைச் சுவரில் ஒட்டி மாதக்கணக்காக முறைத்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. பெரும்போகத்துக்கு வயல் வட்டையில் தண்ணீர் கட்டி, சேற்றை மட்டமாக்கப் பலகை அடித்த திங்கட்கிழமை, மேட்டு மண் அங்கங்கே குட்டித் தீவுகளாகத் தலைகாட்டியது. ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் தண்ணீரின் ஓரம் வரைபடத்துக் கோடு போலவே வளைந்து நின்றது.

“அட, தண்ணி நிண்ட ஓரந்தானே கோடு!” என்று தனியாக நின்று கத்தினாள். கொக்குகள் எழும்பிப் பறந்தன. சேற்றுக் கையோடு வீட்டுக்கு ஓடி முழு வரைபடத்தையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். பள்ளிக்கூடம் படிகளோடு ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. ஊரில் நான்கு மீற்றர்க் கோடு வட்டமாய் மூடிக் கிடந்த ஒரே மேடு மஜீட் ஹாஜியாரின் மாட்டுப்பட்டி. மறுநாள்தான் கோடுகள் ஊருக்குள் வந்தன.

ஆடுகள் அவற்றைக் காலைத் தூக்கித் தாண்டின. மீன்காரர் ‘ரெண்டு மீற்றர் வீடு’ என்று விலாசம் சொல்லப் பழகினார்கள். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று ஸைனம்பு வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்து, நாற்பத்துமூன்று குடும்பங்களும் வரைபடம் வாசித்தன. ஹாஜியார் மட்டும் மசியவில்லை. “சனம் சாணிக்குள்ள போய் நிக்கிறதா? இவளுக்கு விசர்” என்றார். இரண்டு மாரி வெள்ளமில்லாமல் ஏமாற்றிவிட்டது. மூன்றாவது மாரியில் வாவி மூன்றே மணித்தியாலத்தில் பள்ளிக்கூடத்தின் கூரை ஓட்டைத் தொட்டது.

அப்போது ஊர் முழுக்க மாட்டுப்பட்டியில் நின்றது, கடைத் தராசைக் கட்டிப்பிடித்தபடி ஹாஜியாரும். தண்ணீர் நான்கு மீற்றர்க் கோட்டைத் தொட்டது. பிறகும் ஏறியது, ஆனால் உள்ளே வரவில்லை. கோட்டுக்கு வெளியே முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம் என்று நிமிர்ந்து நின்றது. உள்ளே சாணி காய்ந்தபடியே கிடந்தது. றுக்ஷானா கதிரையில் இருந்தபடி அந்தத் தண்ணீர்ச் சுவருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு வாவி மீன் வந்து மோந்துவிட்டுப் போனது. ஸைனம்பு மகளின் தலையைத் தடவிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. தோணியில் வந்து சேர்ந்த இஷாம், ஆட்களின் இடுப்பு உயரத்தில் மிதந்தபடி கீழே குனிந்து பார்த்தார்.

“ராத்தா, கோடு தண்ணிய மறிக்காது.”

“அதத் தண்ணிக்கிட்டச் சொல்லுங்க மனே.”

அடுத்து அச்சிட்ட வரைபடத்தின் ஓரத்தில், மண்ணிறக் கோடு சம உயரத்தைக் குறிக்கும், வரம்பாகவும் நிற்கும் என்று சேர்த்திருக்கிறார்கள். ஹாஜியார் மாடுகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார். வருடா வருடம் மாரிக்கு முன் ஸைனம்பு மண்வெட்டியோடு நான்கு மீற்றர்க் கோட்டை ஒரு சுற்று வருகிறாள். றுக்ஷானா வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு இடம் சொல்ல, நண்டு துளைத்த பொந்துகளைச் சேறு வைத்து அடைக்கிறாள்.