நீர்யானைக் குட்டியின் கொட்டாவி

பாஸ்போர்ட் போட்டோவில் அடுத்தவர் முகப்பருவை அழித்துக் கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. ஆனாலும் ஸ்டூடியோவில் எல்லோரும் சிற்பி என்றே கூப்பிட்டார்கள். திரையில் களிமண்போலப் பிசைந்து உருவம் செய்யும் டிஜிட்டல் சிற்பத்தில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவரே சொல்லிச் சொல்லி வந்த பெயர். ஒன்று செய்து காட்டுங்களேன் என்றால், "சரியான டேப்லெட் இன்னும் அமையலைங்க" என்பார்.

அமைவதற்காக எட்டு மாதமாக ஆராய்ச்சி நடந்தது. பேனாவோடு வரும் டேப்லெட் கணினிகள் பதினாறு. எடை, சூடு, பேட்டரி, பேனாவின் அழுத்தத்தை எத்தனை படியாக உணரும் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். தன் கல்யாணத்துக்குக்கூட மனிதர் இவ்வளவு விசாரித்ததில்லை. எடை தோதுப்படுமா என்று பார்க்க, இரண்டு கிலோ மாவுப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தார்.

"கையோட தூக்கிட்டுப் போறதாதான் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களே, எங்க போகப் போறீங்க? சோபாவுலேருந்து கட்டிலுக்கா?" என்றாள் மனைவி. அவள் செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் மெழுகில் பல் செதுக்குகிறவள். கத்தி எந்தக் கம்பெனி என்று இன்றுவரை பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு பொம்மைக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் ஒரு நீர்யானைக் குட்டியைச் செய்து அனுப்பினால் வேலை. பருவுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிடலாம். அவரோ வியாழன்வரை பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். வெள்ளி மதியம் மனைவி லீவு போட்டுக் கடைக்கு இழுத்துப் போனாள்.

முதல் மேசையில் கிடந்ததைச் சும்மா தொட்டுப் பார்த்தார். தொட்டவர் விடவில்லை. உருண்டை ஒன்று மூக்கானது, தாடையானது, இரண்டு மணி நேரத்தில் ஒரு நீர்யானைக் குட்டி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. பார்த்துக்கொண்டிருந்த விற்பனையாளருக்கும் கொட்டாவி வந்துவிட்டது.

"பல்லப் பாருங்களேன், இப்பத்தான் முளைச்ச மாதிரி இருக்கு!" என்றாள் மனைவி. பல் விஷயத்தில் அவள் லேசில் பாராட்டுகிறவள் இல்லை. அந்த நிமிடம் அவளுக்குப் புருஷன்மேல் அத்தனை பெருமை. மணி ஐந்தேகால்.

"இங்கேருந்தே மெயில்ல அனுப்பிடலாம். ஆமா, இது எந்த மாடல் தம்பி?" என்று கேட்டார்.

விற்பனையாளர் சொன்னார். சிற்பியின் முகம் சுண்டிப்போனது. பட்டியலில் பதினாறாவது, முதல் வாரமே சிவப்புக் கோடு போட்டுக் கழித்துக்கட்டியது.

குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் பார்த்தேன். இமை ஓரம் மழுங்கலா இருக்கு. இதுல அழுத்தப் படி பாதிதானே."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. தொழில் தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். அனுப்புங்க."

"இதப் போயி என் பேர்லயா?"

அவள் கெஞ்சினாள். விற்பனையாளர்கூடக் கெஞ்சினார். கலைஞர் அசைந்தால்தானே! ஆறு மணி தாண்டியதும் மூட்டை இறக்கியவர்போல மூச்சு விட்டார். திரையில் 'அழிக்கவா?' என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்தினார்.

"நல்ல மெஷின் மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எட்டு மாசமா நானும் மெஷின்தான் சரியில்லன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்," என்றாள்.