கிசா மொழியில் ஒரு பக்கம்

ராணுவம் ஆட்சியைப் பிடித்த எண்பத்தேழாம் வருஷத்தில் எங்கள் தீவு நாட்டின் லௌதோகா ஊரில் சிட்னிக்கு விசா கிடைத்த பெண்ணுக்கு நிம்மதி கிடையாது. செய்தி பரவினால் போதும், வாசலில் மாப்பிள்ளைகள் வரிசை கட்டிவிடுவார்கள். ப்ரேமிலாவுக்கு இரண்டே மாதத்தில் பதினோரு வரன். எல்லோரும் அவள் கண்ணைப் புகழ்ந்துவிட்டு, சிட்னியில் குளிர் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவது ஆளாகப் போய் நிற்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் என் ஆசை விசாவுக்கு முந்தையது. அதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

நான் பாலசுப்பிரமணி. சர்வே ஆபீசில் வரைபடம் வரைகிறவன். ப்ரேமிலா அங்கே டைப்பிஸ்ட். மே மாதம் ராணுவம் வந்த பிறகு ஆபீசில் வேலை படுத்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல், பாழாய்ப்போன ஒரு வரைபடத்தின் பின்பக்கம் ஆறு தீவுகள் வரைந்தேன். இல்லாத கடல், இல்லாத தீவுகள். ப்ரேமிலா எட்டிப் பார்த்து, "இங்க இருக்கிறவங்க என்ன பாஷை பேசுவாங்க?" என்று கேட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆதோ என்று ஒரு மூலமொழி செய்தோம். அதில் தண்ணீருக்கு 'பகனு'. கிழக்குத் தீவுக்குக் குடிபோனவர்கள் அவசரக்காரர்கள், நடுவெழுத்தை விழுங்கி 'பானு' ஆக்கிவிட்டார்கள். மலைத்தீவில் காற்று அதிகம், கத்தினால்தான் கேட்கும், ஆகவே 'பக்கன்னா'. தெற்கே கிசாத் தீவில் சோம்பேறிகள். அவர்களுக்கு வெறும் 'நூ' போதும். இப்படி ஒரு மூலத்திலிருந்து ஐந்து மொழிகள். எழுத்தும் எங்களுடையதே. எல்லாம் ஒரு தடித்த ரிஜிஸ்டரில் ஏறியது. கிசா அவளுடைய செல்லம். அதில் எண்களுக்கு மற்ற மொழிகளின் சாயலே இல்லை என்று நான் சொல்லப்போய், அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளில்தான் எனக்கு என் நிலைமை புரிந்தது.

வடக்குத் தீவு மட்டும் பாக்கி. அதற்குள் அவளுக்குச் சனிக்கிழமை விமானம் என்றாகிவிட்டது.

அந்த வாரம் புதன்கிழமை ரிஜிஸ்டரில் ஒரு புதுப் பக்கத்தில், கிசா மொழியில், என் மனசை எழுதினேன். உலகத்தில் அதைப் படிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அவள் மறுத்தாலும் மானம் போகாது. சாயங்காலம் பஸ்ஸில் கொடுத்துவிடுவதாகத் திட்டம். இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று நாங்கள் இருவரும் ஏறியிருந்த நாந்தி பஸ்ஸை லோவு கிராமத்துப் பக்கத்தில் ராணுவம் நிறுத்தியது. எல்லோரும் கீழே இறங்கி நின்றோம். உயரமான ஒரு சிப்பாய் என் பையைத் துழாவி ரிஜிஸ்டரை எடுத்தான். பக்கங்களைப் புரட்டினான். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான்.

"என்ன ரகசியக் கோட் இது?" இந்தியிலேயே கேட்டான்.

"கோட் இல்ல சாப், பாஷை. நாங்களே செஞ்சது."

"நாங்கன்னா?"

ப்ரேமிலா கையைத் தூக்கினாள். பயந்தவளாகத் தெரியவில்லை. தீவு, மூலமொழி, பகனு எல்லாவற்றையும் விளக்கினாள். அவன் ஆர்வமாகத்தான் கேட்டான்.

"நான் சபேட்டோ கிராமத்தான். எங்க வார்த்தைக்கு தலைநகர் சுவா பக்கம் வேற வார்த்தை. அதுக்கு யாரும் ரிஜிஸ்டர் போடல," என்றான். "சரி, நிஜ பாஷைன்னா ரெண்டு பேரும் ஒரே அர்த்தம் சொல்லணும். தனித்தனியா கேக்கறேன். ஒத்துப்போகலன்னா ரெண்டு பேரும் கேம்ப்புக்கு வாங்க."

ரிஜிஸ்டர் தானாகவே அந்தப் புதுப் பக்கத்தில் திறந்துகொண்டது. மை காய்ந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

ப்ரேமிலாவைச் சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, முதலில் என்னைக் கேட்டான். பின்னால் பஸ் முழுக்க ஜனம். "மீன் பிடிக்கப் போன கதை சாப்," என்று உளறினேன். அவன் எழுதிக்கொண்டான். பிறகு ரிஜிஸ்டரோடு மாமரத்தடியில் நின்ற ப்ரேமிலாவிடம் போனான். அவள் வாசித்தாள். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து கடைசிவரை வாசித்தாள். அவள் மெதுவாக ஏதோ சொல்ல, சிப்பாய் எழுதினான், நிறுத்தினான், மறுபடி எழுதினான்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மீனே இல்லையாமே?"

நான் பஸ் ஜனத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"கடைசி தடவை கேக்கறேன். என்ன எழுதியிருக்கு?"

"சீக்கிரம் சொல்லித் தொலைப்பா, என் கத்தரிக்காய் வாடுது," என்றாள் மூட்டையோடு நின்ற ஊர்மிளா அக்கா.

கேம்ப்புக்குப் போனால் சனிக்கிழமை விமானம் அவளுக்குக் கிடையாது. இனி மானம் பார்த்து என்ன ஆகப்போகிறது? நாற்பது பேருக்கு நடுவில், எல்லோருக்கும் புரியும் இந்தியில், சத்தமாகச் சொன்னேன்.

"ப்ரேமிலா, உன்னைக் கட்டிக்க எனக்கு ஆசை. உன் விசா எனக்கு வேணாம். நீ சிட்னி போ, இல்ல இங்கேயே இரு. நான் உனக்காகக் காத்திருக்கேன். எனக்கு ஊர் பெரிசில்ல, நீதான் பெரிசு. இதான் சாப் எழுதியிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

யாரோ விசில் அடித்தார்கள். ஊர்மிளா அக்கா கத்தரிக்காயை மறந்துவிட்டாள். சிப்பாய் மட்டும் தன் தாளில் விரலை ஓட்டி, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தான்.

"எல்லாம் சரி. ஆனா இன்னும் ஒரு வரி இருக்கே. அவ சொன்னா, நீ சொல்லல."

"இல்ல சாப். இவ்வளவுதான் எழுதினேன்."

"கடைசியில இருக்குன்னு சொன்னா." அவன் படித்தான். "'சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து எங்கப்பாகிட்ட நீயே கேளு. வடக்குத் தீவு பாஷையை என்னால தனியா முடிக்க முடியாது.'"

சாலைக்கு அந்தப் பக்கம் ப்ரேமிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிப்பாய் ரிஜிஸ்டரை என் முன்னால் நீட்டினான். "எங்க இருக்கு அந்த வரி? காட்டு."

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை நானே உருவினேன். பக்கத்தின் அடியில், கிசா மொழியில் அவள் பதிலான அந்த வரியை எழுதிக் காட்டினேன்.