தண்ணீரால் தொந்தரவு: பூஜ்யம்

நீச்சல் மாஸ்டருக்கு அந்தப் பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், காது மருத்துவரின் அறைக் கதவு வரை போய்த் திரும்பினார். உட்கார்ந்ததும் முழங்கால் தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது.

"காலை நிறுத்துடா. பெஞ்சே ஆடுது," என்றாள் அக்கா.

"உனக்கென்ன, உன் காதையா அறுக்கப் போறாங்க?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் அறுத்தது வலது காதை. செவிப்பறைக்குப் பின்னால் தோல் கண்டபடி வளர்ந்து எலும்பை அரித்திருந்தது. காதுக்குழாயின் பின்சுவரை எடுத்துவிட்டு, உள்ளே ஒரே பள்ளமாக்கிச் சுத்தம் செய்திருந்தார் மருத்துவர். நோய் திரும்பவில்லை. இப்போது இடது காதிலும் அதே வளர்ச்சி. இந்த முறை இரண்டு வழி உண்டு, எது வேண்டும் என்று இன்றைக்குச் சொல்லவேண்டும். பழையபடி சுவரை எடுத்தால் அநேகமாக ஒரே தடவையில் முடியும். சுவரை விட்டுவைத்தால் பள்ளம் விழாது, ஆனால் நோய் மிச்சம் மீதி இருக்கிறதா என்று பார்க்க அடுத்த வருடம் மறுபடி திறக்க வேண்டும்.

"வலது காதால ஒரு கஷ்டமும் இல்லைன்னு நீங்களே எழுதித் தந்திருக்கீங்க. அதே மாதிரி செஞ்சிடலாமே," என்று போன வாரம் சொல்லியிருந்தார் மருத்துவர்.

எழுதித் தந்தது உண்மைதான். பள்ளத்தைச் சுத்தம் செய்துகொள்ள வரும்போதெல்லாம் நர்ஸ் ஒரு தாளை நீட்டுவாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று விசாரிக்கும் தாள். இன்றைய தாளை மாஸ்டரின் மடியிலிருந்து இழுத்துப் படித்தாள் அக்கா.

"'காதில் தண்ணீர் போய் எத்தனை முறை தொந்தரவு?' பூஜ்யமா?"

"ஆமா."

"தலைசுற்றலுக்கும் பூஜ்யம்!"

"சுத்தலையேக்கா. பொய் எழுதச் சொல்றியா?"

"நீ தண்ணியில இறங்கி எத்தனை நாளாச்சு?"

மாஸ்டர் சிகிச்சை முடிந்த நான்காம் மாதம் ஒரே ஒரு நாள் இறங்கினார். குளிர்ந்த நீர் பள்ளத்துக்குள் புகுந்ததும் குளத்தின் தரை மேலே ஏறியது, கூரை கீழே போனது. பன்னிரண்டு வயது மாணவிகள் இருவர் கையைப் பிடித்துக் கரை சேர்த்தார்கள். அன்றிலிருந்து கரையில் நின்று விசில் ஊதி, காற்றில் கையை வீசிக் காட்டுவதோடு சரி.

"பிள்ளைங்க உன்னைக் 'காய்ஞ்ச மாஸ்டர்'னு கூப்பிடறாங்களாமே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பூஜ்யம் போட்ட? நான்கூட விமானத்துல எனக்குக் குமட்டவே குமட்டாதுன்னு எழுதலாம். ஏறினாத்தானே!"

அவர் இதுவரை கொடுத்த நான்கு தாள்களும் இதே லட்சணம்தான். அதற்குள் நர்ஸ் உள்ளே வரச் சொன்னாள். தாளை அக்காவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தார்.

"டாக்டர், நான் எழுதினதெல்லாம் நிஜம்தான். ஆனா தப்பு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். குளத்துக் கதையை முழுக்கக் கேட்டார்.

"இதை ஏன் ஒருநாள்கூடச் சொல்லலை?"

"தாள்ல அந்தக் கேள்வி இல்லையே."

"அந்தப் பள்ளத்தை எலும்புத் தூளால அடைச்சு, சுவரைத் திரும்பக் கட்டலாம். இந்தத் தாள்களைப் பார்த்துட்டு உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு விட்டுட்டேன்."

"அடைச்சா இறங்கலாமா?"

"நிறைய பேர் இறங்கறாங்க. உங்களுக்கும் அப்படித்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்போ இடதுல சுவரைத் தொடாதீங்க. வலதை அடைச்சுடுங்க."

பின்னாலேயே வந்திருந்த அக்கா விரல் விட்டு எண்ணினாள். "இது ஒண்ணு, திறந்து பார்க்கிறது ஒண்ணு, அடைக்கிறது ஒண்ணு. மூணு தடவைடா!"

"ரெண்டு காதையும் ஒரே நாள்ல செஞ்சா?" என்றார் மாஸ்டர், மருத்துவரைப் பார்த்து.

"அது மட்டும் நடக்காது. முதல்ல இடது. அது ஆறட்டும்."

"எப்போ ஆறும்? இடதுக்குத் தேதி எப்போ கிடைக்கும்?"

மருத்துவர் நாட்குறிப்பைத் திறந்தார். மாஸ்டர் எழுந்து மேஜைமேல் குனிந்து, தலைகீழாகத் தெரிந்த பக்கத்தில் காலியான கட்டத்தைத் தேடினார்.