டோக்குமாட்சு தின்னாத வெல்லம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. எங்கள் தீவின் ஊர் அலுவலகத்துக்கு முகவரி மாற்றப் போயிருந்தேன். குடும்பப் பதிவேடு பார்க்கும் இவாகிரி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னார். அவரிடமே தங்காத ரகசியம் என்னிடம் தங்குமா?

2

"கரும்புக் காட்டின் மேல் நூற்றுப் பதின்மூன்றாவது வசந்தம்..."

வேண்டாம். இப்படித் தொடங்கினால் கதையின் கிழவரே கேட்டுச் சிரிப்பார்.

டோக்குமாட்சுவுக்கு நூற்றுப் பதின்மூன்று வயது. மாநிலத்திலேயே மூத்தவர். பிறந்தநாளுக்கு ஆளுநர் வருகிறார். வயதை உறுதிசெய்யும் தாளில், கையெழுத்துக்குப் பதிலாகக் கிழவர் குத்தும் பெயர் முத்திரையை வாங்க இவாகிரி போயிருந்தார். எண்பத்தொரு வயது மகள் ஹாட்சுவே தேநீர் வைத்தாள்.

(ஆயுள் ரகசியம் கேட்கும் வாசகருக்கு: தினம் ஒரு கோப்பை வெல்லச் சாராயம். திருப்தியா?)

பிறந்தநாள் தோறும் கிழவர் ஒரு துண்டு வெல்லத்தைத் தின்னாமல் வீட்டில் இறந்தவர்களுக்கான பூசை மாடத்தில் வைப்பார். செத்துப்போன அம்மாவுக்கு என்றே ஹாட்சுவே நினைத்திருந்தாள்.

3

கிழவர் முத்திரையை மையில் தொட்டார். குத்தவில்லை.

"தம்பி, அது எங்கண்ணன் வயசு. எனக்கு நூத்தி ஒம்பதுதான்."

அண்ணன் நாலு வயதில் காய்ச்சலில் போனான். அதே மாதம் இவர் பிறந்தார். பதிவு அலுவலகம் அரைநாள் நடை. அப்பன் சோம்பேறி. சாவையும் எழுதவில்லை, பிறப்பையும் எழுதவில்லை. பெரியவன் பெயரையே சின்னவனுக்கு வைத்துவிட்டான்.

(இந்த அப்பனை நம்ப முடியாமல் இரண்டு முறை நீக்கினேன். பழைய ஏடுகளில் இப்படி இன்னும் சிலர் இருப்பதாக இவாகிரி சொன்னதும் திரும்பச் சேர்த்தேன்.)

ஆளுநர் முன் பாடப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்கெனவே பாட்டுப் பழகி முடித்திருந்தார்கள். இவாகிரிக்கு வியர்த்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் என்று கேட்டார்.

"நாளைக்கு நான் செத்தா, கல்லறைக் கல்லுல அந்தப் பேரு என் சாவுக்குத்தான் நிக்கும். அவன் செத்தத யாரு எழுதுவா? நாலு வயசுப் புள்ளப்பா. ஒரு ஊதுவத்தி கெடையாது அவனுக்கு."

ஹாட்சுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நூத்திப் பத்துக்கே இன்னும் ஒரு வருஷம் இருக்கா? எனக்குத்தான் இன்னும் நாலு வருஷம் கூடுதல் சமையல் வேலை," என்றாள்.

4

முதல் முடிவு: முத்திரை விழுகிறது, ஆளுநர் வருகிறார், பிள்ளைகள் பாடுகிறார்கள். இரண்டாவது: இவாகிரி வேறொரு தாளை எடுக்கிறார். நூற்றொன்பது வருஷம் தாமதமான ஒரு சாவுப் பதிவு.

எது நடந்தது என்று இவாகிரி வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக! நானாக ஒன்றை எழுதிப் பார்த்தேன், மனசு வரவில்லை.

இரண்டு தாளையும் உங்கள் முன் வைத்துவிட்டேன். முத்திரையில் மை காயவில்லை. குத்துவதற்கு முன் அந்த மாடத்தைக் கொஞ்சம் பாருங்கள். வெல்லத்தில் எறும்பு ஏறுகிறது, தட்டிவிடுங்கள். சின்னப் பையனுடையது அது.